பதினைந்தாம் அத்தியாயத்தின் இயர்பேட்

1

சகலை குப்பைப் பைக்குள் தோள்வரை கையை விட்டிருந்தார். தெருமுனையில் குப்பை வண்டி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. பீப், பீப், பீப்.

"சகலை, வண்டிய நிறுத்துங்க. ரெண்டே நிமிஷம்."

"எப்படி நிறுத்தறது?"

"கதை சொல்லுங்க. அதானே உங்க தொழில்."

இந்தக் கதை பிறந்த இடம் இதுதான். கதை எங்கே பிறந்தது என்று கேட்டால் மற்ற எழுத்தாளர்கள் மழை என்பார்கள், ரயில் ஜன்னல் என்பார்கள். எனக்கு வாய்த்தது நேற்றைய டீத்தூள், முட்டை ஓடு, அதற்குள் என் சகலையின்* வலது கை. நான் ஓடிப்போய் வண்டிக்குப் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"ஓரமா நில்லுங்க சார்."

"அண்ணே, ஒரு நிமிஷம். குப்பையில ஒரு முக்கியமான பொருள் போயிருச்சு."

"தங்கமா?"

"இல்ல."

"பாஸ்போர்ட்டா?"

"காதுப் பஞ்சு."

ஓட்டுநர் எஞ்சினை அணைக்கவில்லை. ஆனாலும் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளவும் இல்லை. "யாரோட காது?" என்றார்.

நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாகும். ஆகவே வண்டியை அங்கேயே நிறுத்திவைக்கிறேன். இப்போதைக்கு ஒன்று தெரிந்தால் போதும்: நேரம் காலை எட்டு. பதினொரு மணிக்கு ஒரு பெண்மணிக்கு வேலை போகப்போகிறது. அதைத் தடுக்கக்கூடிய ஒரே சாட்சி அந்தப் பைக்குள் இருக்கிறது.

(* என் மனைவியும் அவர் மனைவியும் அக்கா தங்கை. அவர் முதல் மாடி, நான் இரண்டாம் மாடி. ஒரே மாமனாரிடம் ஒரே அறிவுரையைத் தனித்தனியாகக் கேட்டவர்கள் என்பதால் எங்களுக்குள் ஒரு பிடிப்பு உண்டு.)

2

நேர்மையாகச் சொன்னால் இந்தக் கதைக்கு நான் முதலில் எழுதிய தொடக்கம் இதுவல்ல.

"மேகங்கள் கறுத்துத் திரண்டிருந்த அந்தக் காலைப் பொழுதில்..." (வெயில் கொளுத்தியது. வேண்டாம்.)

"அவர் காதோரம் கறுப்பாக ஏதோ வழிந்தது. மனைவி அலறினாள்." (அலறவில்லை. "இனிமே தலையணை உறைய நீங்களே தோச்சுக்குங்க" என்றாள்.)

இந்த இரண்டாவது தொடக்கத்தை முழுதாகத் தூக்கிப் போட மனமில்லை. காதோரம் கறுப்பு என்பது உண்மை. சகலை ஒலிநூல் நிறுவனம் ஒன்றில் ஒலித் திருத்துநர். யாராவது ஒரு புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்வார்கள். இவர் வீட்டுப் படுக்கையறை மூலையில், துணி அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே உட்கார்ந்து, அந்தப் பதிவிலிருந்து இருமல், மூச்சு, நாற்காலி கிறீச்சிடுவது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, குரலைச் சீராக்கி அனுப்புவார். நாளுக்கு எட்டு மணி நேரம் தலையில் ஹெட்போன். அதில் காதைச் சுற்றி உட்காரும் மெத்தை போன்ற வளையத்தைத்தான் இயர்பேட் என்பது; எங்கள் வீட்டுப் பேச்சில் காதுப் பஞ்சு. அவருடையது ரெக்சின். ஐந்து வருட வியர்வையில் ரெக்சின் தோலுரிந்து, கறுப்புக் கறுப்பாக உதிர்ந்து, காது மடலிலும் சட்டைக் காலரிலும் தலையணையிலும் ஒட்டியது. ஹெட்போனைக் கழற்றினால் கரி அள்ளிப்போட்டவர் மாதிரி இருப்பார்.

ஆகவே புதிதாக வெல்வெட் இயர்பேட் வாங்கினார். அதுதான் குற்றம். மீதி எல்லாம் விளைவு.

3

மாற்றியதை நான் நேரில் பார்த்தேன். பழைய வளையத்தை உரிப்பது சுலபம். புதியதன் உதட்டை ஹெட்போன் விளிம்பிலுள்ள பள்ளத்துக்குள் செருகுவதுதான் பாடு. சைக்கிள் டயரை ரிம்மில் ஏற்றுவது மாதிரி. ஒரு பக்கம் ஏற்றினால் மறுபக்கம் துள்ளி வெளியே வரும். நாற்பது நிமிடம் போராடினார். அக்கா (என் மனைவியின் அக்கா, நானும் அப்படியே கூப்பிடுவேன்) நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்து, "ஒரு காதுக்கு உறை போடத் தெரியல, இவரு போய் நாலு தலையணைக்குப் போடப்போறாராம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாட்டி முடித்ததும் சகலை கண்ணை மூடிக்கொண்டார். "சகலை, காது இருக்கறதே தெரியல" என்றார். ஒரு மனிதர் தன் உறுப்பு ஒன்றை மறந்துபோனதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது ஒரு பத்தி விளக்கம். பொறுத்துக்கொள்ளுங்கள், துப்பு இதற்குள்தான் இருக்கிறது. ரெக்சின் காதைச் சுற்றி மூடி போட்டமாதிரி அடைத்துக்கொள்ளும். கனத்த ஒலி வெளியே கசியாது. வெல்வெட் அப்படியில்லை, காற்று புகும். கனம் கசிந்துபோய், கூர்மையான ஒலிகள் துருத்திக்கொண்டு நிற்கும். ஆக, அன்று பிற்பகல் பதினைந்தாம் அத்தியாயத்தை எடுத்த சகலைக்கு, வாசிப்பவரின் குரல் திடீரென்று கீச்சென்று கேட்டது. அவர் என்ன செய்திருக்க வேண்டும்? பஞ்சைச் சந்தேகித்திருக்க வேண்டும். என்ன செய்தார்? குரலைச் சந்தேகித்தார். கூர்மையைக் குறைத்தார், கனத்தைக் கூட்டினார், அவர் காதுக்கு இனிமையாகும்வரை. பதினைந்து முதல் இருபத்திரண்டு வரை எட்டு அத்தியாயங்களை அப்படியே சீராக்கி அனுப்பினார்.

அவர் காதுக்கு இனிமை. மற்றவர்கள் காதுக்கு, கம்பளிக்குள் உட்கார்ந்து யாரோ பேசுகிற மாதிரி.

ஒலியோடு பிழைக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. தன் காதை அவ்வளவு நம்புகிறவர்களுக்குத்தான் இது வாய்க்கும்.

4

இனி வேலை போகப்போகிற பெண்மணி.

முதல் வரைவில் அவளுக்கு இருபத்திரண்டு வயது. பெரிய கண்கள். விம்மினாள். (மூன்று வரி எழுதியதும் எனக்கே கூச்சமாகி அடித்துவிட்டேன். முப்பது வருடமாக என் கதைகளில் விம்மிய பெண்கள் எல்லோரும் ஒரே பெண்தான். அவளும் களைத்திருப்பாள்.)

உண்மையானவருக்கு நாற்பத்தேழு வயது. விம்முகிறவர் இல்லை. பதினாறு வருடமாக அவர் குரல் உங்களுக்கும் எனக்கும் பழக்கம். "எங்கள் சேவையாளர்கள் அனைவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து இணைப்பிலேயே காத்திருக்கவும்." அந்தக் குரல்தான். சகலை அவருக்கு வைத்த பெயர் லைன் மேடம். அவர் குரலைக் கேட்டு இந்த ஊரில் பல்லைக் கடிக்காதவர் இல்லை. பதினாறு வருடமாக, தான் செய்யாத தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவர். ஒலிநூல் நிறுவனத்தில் குரல் தேர்வு நடந்தபோது வந்து வாசித்தார். தேர்வானார். முதல் புத்தகம்: முப்பது அத்தியாய மர்ம நாவல்.

"ஒரு விஷயம் சார்" என்றாராம் சகலையிடம், முதல் நாள். "நான் பேச ஆரம்பிச்சா எப்ப முடியும்னுதான் எல்லாரும் காத்திருப்பாங்க. இதுல அடுத்து என்னன்னு காத்திருப்பாங்க இல்ல?"

இதைக் கேட்ட பிறகு அவரை விம்மவைக்க எனக்குக் கை வரவில்லை.

5

புகார் வந்தது பத்து நாளுக்கு முன்பு, எழுத்துமூலமாக. மேலாளர் சகலைக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினார்: "பதினைந்தாம் அத்தியாயத்திலிருந்து வாசிப்பில் உயிரில்லை. வேறொருவரை வைத்து முதலிலிருந்து பதிவு செய்யவும்." அதைப் படித்துவிட்டுத் தானும் கேட்டிருக்கிறார். கம்பளிக் குரல். லைன் மேடத்தைக் கூப்பிட்டு, தொண்டையைக் கவனிக்கச் சொன்னார். கவனித்தும் பயனில்லை. இன்று பதினொன்றரைக்குப் புதிய வாசிப்பாளர் வருகிறார். பதினொரு மணிக்கு இவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட ஏற்பாடு.

(புகார் கொடுத்தவர் யார்? சொல்கிறேன், இப்போது இல்லை. வாரப் பத்திரிகைகளைத் தின்று வளர்ந்தவன் நான். எதையாவது ஒன்றைப் பதுக்கி வைக்காவிட்டால் எனக்குக் கை ஓடாது.)

இன்று காலை ஏழரை மணி. சகலை வீட்டுச் சாப்பாட்டு மேசை. மனைவி ஊரில் இல்லாததால் நானும் அங்கேதான் டீ குடிக்கிறேன்.

"எனக்குப் புரியவே இல்ல" என்றார் சகலை. "பதினஞ்சுல இருந்து குரல் அமுங்கியிருக்காம். எனக்கு அதெல்லாம் அருமையா கேக்குது. முதல் பதினாலுதான் இப்பக் கேட்டா கீச்சுங்குது."

துவைத்த தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்த அக்கா கேட்டாள். "பதினஞ்சு எப்ப செஞ்சீங்க?"

"தேதி பாக்கணும்."

"பாக்க வேணாம். மூணு வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சது காதுப் பஞ்ச மாத்தின தேதிதான். வெள்ளிக்கிழமை காலைல உறைய எடுத்தேன், ஒரு பொட்டுக் கறுப்பு இல்ல. நீங்கதான் பஞ்ச மாத்தினதுல இருந்து எது கேட்டாலும் 'என்ன இவ்ளோ கீச்சுன்னு இருக்கு'ங்கறீங்க. பாட்டுப் போட்டாலும் அதான். அப்ப இதுவும் அன்னைக்கு ஆரம்பிச்சதாத்தானே இருக்கும்?"

சகலை கணினியைத் திறந்து தேதி பார்த்தார். வியாழக்கிழமை. பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம்.

என் நாவல்களில் இதுவரை பதினெட்டுத் துப்பறிவாளர்கள். கைரேகை பார்த்திருக்கிறார்கள், சிகரெட் சாம்பலை முகர்ந்திருக்கிறார்கள். தலையணை உறையைப் புரட்டிப் பார்க்க ஒருவனுக்கும் தோன்றவில்லை.

சகலை உடனே மேலாளருக்குப் போன் செய்தார். மேலாளர் சிரித்த சிரிப்பு மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. "பஞ்ச மாத்தினா குரல் மாறுமா? மேடத்தக் காப்பாத்த நல்ல கதைதான். உங்க சகலை எழுதிக் குடுத்தாரா?"

"பழச மாட்டிக் காட்டினா நம்புவார்" என்றார் சகலை, வைத்துவிட்டு. "புதுசா ரெக்சின் வரவழைக்க அஞ்சு நாளாகும். நல்லவேளை, பழசத் தூக்கிப் போடல. இழுப்பறையில பத்திரமா வெச்சிருக்கேன்."

அக்காவின் கை மடிப்பில் நின்றது.

"மேல் இழுப்பறையா?"

"ஆமா."

"நேத்துத்தான் சுத்தம் பண்ணேன். உதிர்ந்துகிட்டே கெடந்துச்சுன்னு..."

அப்போதுதான் தெருமுனையில் பீப், பீப், பீப்.

6

வண்டிக்கு வருவோம். ஓட்டுநர் இன்னும் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறார், பாவம்.

இங்கே என்னிடம் மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி: இரண்டு இயர்பேடும் கிடைக்கின்றன. (சப்பென்று இருக்கிறது.)

இரண்டாம் வழி: வண்டி பையை விழுங்கிவிட்டுப் புறப்படுகிறது. சகலையும் நானும் ஸ்கூட்டரில் துரத்துகிறோம். குப்பைமேடு. புகை. பருந்துகள் வட்டமிட... (தொடர்கதையாக இருந்தால் எட்டு வாரம் ஓட்டிவிடுவேன். சகலையின் ஸ்கூட்டரில் காற்றில்லை.)

மூன்றாவது, நடந்தது: சகலை "ஆங்" என்றார். கையில் ஒன்று. டீத்தூள் அப்பி, முட்டை ஓடு ஒட்டி, மாவில் புரட்டிய வடிவத்தில். உள்துணியில் 'இடது' என்று அச்சு. இன்னொன்றுக்காகப் பையையே கவிழ்த்தார். இல்லை. வேறு எந்தப் பைக்குள் போனதோ, அந்தப் பை ஏற்கெனவே வண்டிக்குள்.

ஓட்டுநர் இறங்கி வந்தே பார்த்துவிட்டார். "ஒண்ணுதானா? ஜோடி போன செருப்பு மாதிரி. ஒத்தைய வெச்சிகிட்டு என்ன சார் செய்வீங்க?"

சகலை அந்த ஒற்றையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். வண்டி அடுத்த தெருவுக்குப் போனது.

[இங்கே ஒரு வாக்கியம் எழுதி அடித்திருக்கிறேன். அந்த ஒரு நொடி எனக்குள் நிம்மதி போல ஏதோ எட்டிப் பார்த்தது என்று எழுதியிருந்தேன். ஏன் நிம்மதி என்பதை விளக்கவேண்டி வரும் என்பதால் அடித்தேன்.]

பதில் அக்காவிடம் இருந்தது. சோப்புத் துணியால் அதைத் துடைத்தபடியே சொன்னாள். "ஒரு பக்கம் பழச மாட்டுங்க, ஒரு பக்கம் புதுச விடுங்க. துணி வாங்கப் போனா ரெண்டையும் பக்கத்துல வெச்சுத்தானே நிறம் பாக்கறோம்?"

7

பத்து ஐம்பது. மேலாளர் அறை. சுவர் முழுக்க முட்டை அட்டை மாதிரி ஒலி உறிஞ்சும் நுரை. லைன் மேடம் ஏற்கெனவே வந்திருந்தார். கழுத்தில் துணி சுற்றி, மடியில் வெந்நீர்க் குடுவை. என்ன சொல்லப்போகிறார்கள் என்று தெரிந்த முகம்.

சகலை ஹெட்போனை மேசைமேல் வைத்தார். இடப்பக்கம் சொறி பிடித்த ரெக்சின், வலப்பக்கம் புது வெல்வெட்.

"எனக்காக ஒரே ஒரு நிமிஷம் சார். திருத்தாத பதிவு. மேடம் வாசிச்சது வாசிச்சபடி."

மேலாளர் மாட்டினார். கேட்டார். புருவம் ஏறியது.

"என்னய்யா, இடப்பக்கம் நல்லா இருக்கு. வலப்பக்கம் கீச்சுங்குது."

"ரெண்டு பக்கமும் ஒரே பதிவுதான் சார்."

மேலாளர் முகம் வெளுத்தது. மெதுவாகக் கேட்டார். "அப்ப என் வலது காதுதான் போச்சா? எங்க அப்பாவுக்கும் ஐம்பதுலதான் ஆரம்பிச்சுது."

"திருப்பிப் போட்டுக்குங்க சார்."

திருப்பிப் போட்டார். இப்போது கீச்சு இடது காதுக்கு வந்தது, கனம் வலது காதுக்குப் போனது. மறுபடி திருப்பினார். மறுபடி. நான்கு முறை. கடைசியில் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தன் இரண்டு காதையும் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"காதுக்கு ஒண்ணும் இல்ல. பஞ்சுதான்" என்றார். அந்த நிம்மதியில் வழக்கு பாதி வென்றுவிட்டது.

"தப்பு என்னோடது சார்" என்றார் சகலை. "எட்டு அத்தியாயத்தையும் நானே சரி பண்ணிடறேன்."

லைன் மேடம் குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார். "அப்ப என் தொண்டைக்கு ஒண்ணும் இல்லையா சார்?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

"பத்து நாளா உப்புத் தண்ணி கொப்புளிக்கறேன். தொண்டைய மிச்சம் பிடிக்கணும்னு வீட்ல பேசறதே இல்ல, எழுதித்தான் காட்டறேன். அதப் பாத்துட்டு எம் பிள்ளைங்க எனக்குக் காதும் போச்சுன்னு நெனச்சு, அவங்களும் எழுதிக் காட்டறாங்க."

மேலாளர் சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"எனக்குப் புரிஞ்சிருச்சு மேடம். ஆனா புகார் எழுத்துல வந்திருக்கு. எழுதினவரே திரும்ப வாங்கணும், அதுவும் எழுத்துல, காரணத்தோட. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வந்தா நீங்கதான் வாசிப்பீங்க. வரலன்னா நான் ஒண்ணும் செய்யறதுக்கில்ல."

சொல்லிவிட்டு அறையின் ஒரு மூலையைப் பார்த்தார். சகலை அவர் பார்வையைத் தொடர்ந்து பார்த்தார். லைன் மேடமும் பார்த்தார்.

8

மூலையில் ஒரு நாற்காலி. நாற்காலியில் நான்.

முப்பது அத்தியாய மர்ம நாவல் என்னுடையது. புகாரும் என்னுடையது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. நாவல் என்னுடையது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். புகார் யாருடையது என்று மேலாளருக்கு மட்டும் தெரியும். வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவரும் இதுவரை சொல்லவில்லை. பார்க்க மட்டும்தான் செய்தார்.

"சகலை, நீங்களா?"

நான் சுவர் நுரையின் குழிகளை எண்ணத் தொடங்கினேன்.

"மாடிப்படி இறங்கி வந்து சொல்லியிருக்கலாமே. பதினெட்டுப் படி."

சொல்லியிருக்கலாம். சொந்தத்துக்குள் வாய்விட்டுச் சொன்னால் சண்டையாகிவிடும், அதையே தாளில் எழுதினால் கருத்தாகிவிடும் என்று நினைத்தேன். காலையில் டீ குடித்தபோதும் சொல்லியிருக்கலாம். வண்டிக்குப் பின்னால் கையை விரித்துக்கொண்டு நின்றபோதும். (ஆறாம் பகுதியில் அடித்த வாக்கியம் இப்போது புரிந்திருக்கும்.)

லைன் மேடத்திடம் மன்னிப்புக் கேட்க எழுந்தேன். "மேடம், நான்..." என்று தொடங்கி, எப்படி முடிப்பது என்று தெரியாமல் நின்றேன். பதினாறு வருடம் மன்னிப்புக் கேட்டுப் பழகியவர் முன்னால் என் மன்னிப்பு கத்துக்குட்டித்தனமாக இருந்தது.

"பரவாயில்ல சார்" என்றார். "திட்டு வாங்கிப் பழக்கம்தான். இதுவரைக்கும் திட்டினவங்க யாரையும் நேர்ல பாத்ததில்ல, அவ்வளவுதான்."

என்னை அவர் உற்றுப் பார்த்த விதத்தில் கோபம் இல்லை. ஆர்வம் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

9

கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

"தொழில்நுட்பக் கோளாறு காரணமாக ஏற்பட்ட..."

"ஒலித் திருத்துநர் இயர்பேடை மாற்றியதால் குரல் அமுங்கி ஒலித்தது என்பதை அறிந்து, என் புகாரை..."

இரண்டாவது போதுமானது. முழுக்க உண்மை. மேடத்துக்கு வேலை நிலைக்கும். சகலைக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், அவர் அதைத் தாங்கிக்கொள்வார். கதையும் இங்கே முடிந்துவிடும். சுபம் போட்டுவிட்டுப் போகலாம்.

மூன்று மணிக்குக் கீழிருந்து குரல். "சகலை, பதினஞ்ச சரி பண்ணிட்டேன். வந்து கேளுங்க."

பதினெட்டுப் படி இறங்கினேன். சகலை ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். அவரே வீடு திரும்பியதிலிருந்து இடது காதை மட்டும் நம்பி வேலை செய்திருக்கிறார். முப்பத்தொரு நிமிடம் கேட்டேன். கழற்றி வைத்தேன்.

"எப்படி?"

"தெளிவா இருக்கு."

"ம்." கணினியில் எதையோ தேடினார். பிறகு, "திருத்தாத பதிவுல இன்னொண்ணு இருக்கு. நான் வெட்டி எடுத்த துண்டு. கேட்டுட்டுப் போங்க" என்று என்னிடம் ஒன்றைப் போட்டுக் காட்டினார்.

நான் மேலே வந்து இரண்டாவது கடிதத்தைக் கிழித்தேன்.

முடிவைக் கேட்பீர்கள். மீதி எட்டு அத்தியாயங்களை லைன் மேடம் வாசிப்பாரா என்று எனக்குத் தெரியாது. வாசிக்கக் கூப்பிடுவார்கள், அதற்குக் குறையில்லை. நான் எழுதியதை வாசிக்க அவருக்கு மனம் வருமா என்பது வேறு. அந்த முடிவு அவருடையது. அவர் சொல்லும்வரை உங்களிடம் இருக்கட்டும். இணைப்பிலேயே காத்திருங்கள் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன்.

நாலு ஐம்பதுக்கு நான் அனுப்பிய கடிதம் இது:

"மேலாளர் அவர்களுக்கு. என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். காரணம் கேட்டிருந்தீர்கள். குரலை அமுக்கியது இயர்பேட். அது நீங்கியபின் பதினைந்தாம் அத்தியாயத்தை இன்று கேட்டேன். ஒவ்வொரு சொல்லும் துல்லியமாகக் கேட்கிறது. அப்படியும் அதில் உயிரில்லை. கதாநாயகன் மூன்று பக்கம் ஒரு பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அதை அப்படி எழுதியவன் நான். தொடர்கதையாக எழுதியபோது வாரக்கெடு நெருங்கியதால் பக்கம் நிரப்பினேன். அந்த மூன்று பக்கத்தை மேடம் ஆறு முறை வாசித்திருக்கிறார், யாரும் கேட்காமல். ஐந்தாம் முறை முடிந்ததும், பதிவு ஓடிக்கொண்டிருப்பதை மறந்து, தண்ணீர் குடித்துவிட்டு அவர் தனக்குத்தானே பேசியதும் பதிவாகியிருக்கிறது. அவர் சொன்னது: 'முப்பது வருஷமா எழுதறவரு, இதுல ஏதோ வெச்சிருப்பாரு. எனக்குத்தான் எட்டல. இன்னொரு தடவ பாப்போம்.'"